குடியை விட்டவருக்கும் ஊரில் ஒரு பாடு வேண்டும்

‘குடியை மறக்கடிக்க வேண்டுமா? குடிப்பவருக்குத் தெரியாமலேயே சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்.’ தமிழ்நாட்டில் இப்படியொரு விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. பேருந்தின் முதுகிலும் மின்கம்பத்திலும் கட்டணக் கழிப்பறைச் சுவரிலும் கைபேசி எண்ணோடு ஒட்டியிருக்கும். அதை வாங்குகிறவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிடக் கூடாது. ‘ஆஸ்பத்திரிக்குப் போகலாம்’ என்றாலே கை ஓங்குகிற மனிதரோடு குடித்தனம் நடத்தும் பெண்கள் அவர்கள். ஆனால், பெயரில்லாத அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்கே தெரியுமா என்பது சந்தேகம். குடியை விட உதவுகிற டைசல்ஃபிரம் என்றொரு மருந்து உண்டு. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, சில சமயம் உயிருக்கே ஆபத்தாகும். அதனால்தான் மனநல மருத்துவர்கள் அதை நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகு எழுதித் தருகிறார்கள். சோற்றில் மறைத்துவைக்கிற சமாச்சாரம் அல்ல அது.

குடிப்பவரைச் சேர்த்துக்கொள்ளாமலேயே அவர் குடியை நிறுத்திவிடலாம் என்கிற நினைப்பு பொடி விற்பவரோடு நிற்பதில்லை. நான்கு ஆட்களை வைத்துத் தூக்கிக்கொண்டுபோய் குடி மறுவாழ்வு ‘சென்டர்’ ஒன்றில் போட்டுவிட்டு வருவதும், ஊர்க்கூட்டத்தில் அபராதம் போடுவதும், கடையை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் முழங்குவதும் அதே நினைப்பின் வெவ்வேறு உருவங்கள்தான்.

பழவேற்காட்டு மீனவக் குப்பங்களை வைத்து இதைப் பேச விரும்புகிறேன். அங்கேதான் குடி அதிகம் என்பதற்காக அல்ல. மீனவர் என்றாலே குடிகாரர் என்று எழுதுவது கரையில் இருப்பவர்களின் சோம்பேறித்தனம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டு ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் குடிக்கிறார். அவர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள் இல்லை. குடிநோயிலிருந்து மீள்வதற்கு எதெல்லாம் தேவையோ அதில் பாதியை இந்தக் குப்பங்கள் தங்கள் பழக்கத்திலேயே வைத்திருக்கின்றன. பழவேற்காட்டை எடுத்துக்கொண்டது அதற்காகத்தான். மறுபாதி அரசு தர வேண்டியது. அது இன்னும் சரியாக வந்து சேரவில்லை.

கை நிற்பதற்கு ஒரு கட்டிங்

காலையில் வலையைப் பிரித்துப்போட்டு, அறுந்த கண்ணிகளைப் பின்னுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு காட்சி கண்ணில் படும். சிறுவயதிலிருந்து வலை பின்னிய கை. இருட்டிலும் முடிச்சுப் போடும். அந்தக் கை இன்று ஊசியைக் கண்ணிக்குள் விட முடியாமல் தவறுகிறது. நெற்றியெல்லாம் வேர்வை. வெயில் இன்னும் ஏறவில்லை. குமட்டிக்கொண்டு வருகிறது. எழுந்து எங்கோ போகிறார். சிறிது நேரத்தில் திரும்பி வந்து உட்காரும்போது விரல்கள் நிற்கின்றன. முடிச்சு சரியாக விழுகிறது. ‘ஒரு கட்டிங் உள்ள போனாத்தான் அண்ணனுக்குக் கை நிக்கும்’ என்று பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். அண்ணனும் சிரிக்கிறார்.

குடி தெம்பு கொடுக்கிறது என்று ஊர் இதற்கு அர்த்தம் சொல்லும். மருத்துவம் சொல்வது நேர் எதிரானது. ஆல்கஹால் மூளையை மந்தமாக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் தினமும் மந்தமாக்கப்படுகிற மூளை, அதை ஈடுகட்டத் தன்னைத் தானே முறுக்கேற்றி வைத்துக்கொள்கிறது. இரவில் குடித்தது விடியலில் இறங்கும்போது முறுக்கு மட்டும் மிஞ்சுகிறது. அதுதான் நடுக்கம், வேர்வை, குமட்டல், தூக்கம் கெடுதல். கட்டிங் அந்த நடுக்கத்தைக் குணப்படுத்துவதில்லை. அடுத்த நாளைக்கான நடுக்கத்தை உறுதிசெய்கிறது.

இந்த நிலைக்கு வந்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். சுவரில் பூச்சி ஊர்வதுபோல் தெரியும், யாரோ கூப்பிடுவதுபோல் கேட்கும், இருக்கிற இடம் எதுவென்று தெரியாது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகக்கூடிய நிலை அது. ‘ரெண்டு நாள் ரூம்ல போட்டுப் பூட்டு, தெளிஞ்சிடுவான்’ என்கிற நாட்டு வைத்தியம் எவ்வளவு ஆபத்தானது என்பது இதிலிருந்து புரியும். இவ்வளவுக்கும், இந்தக் கட்டத்தைத் தாண்டிவிடத் தேவையான மருந்துகள் விலை உயர்ந்தவை அல்ல. வைட்டமின் பி1 ஊசியும், சில நாட்களுக்குக் கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிற அமைதிப்படுத்தும் மாத்திரையும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆளும் போதும். எந்த அரசு மருத்துவமனையிலும் முடிகிற காரியம்தான்.

2020 ஊரடங்கில் டாஸ்மாக் கடைகள் திடீரென மூடப்பட்டபோது, புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரை ஊரான கோட்டைப்பட்டினத்தில் மூன்று பேர் முகச்சவரம் செய்த பிறகு தடவும் திரவத்தைக் குளிர்பானத்தில் கலந்து குடித்து இறந்தார்கள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால் உயிர்களைக் கொண்டுபோனது. அதுவும் மீனவக் குப்பம்தான். சாராயம் விற்றவர்கள் கைதானார்கள், அதிகாரிகள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், நிவாரணம் கொடுக்கப்பட்டது. விடிந்ததும் கை நடுங்கி எதையாவது ஊற்றிக்கொண்டே ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்த மற்றவர்களுக்கு என்ன வைத்தியம் என்ற கேள்வி பின்னுக்குப் போனது. அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் மறுபடியும் கள்ளச்சாராயச் சாவுகள்.

ஏரி அடைபட்டால் மனமும்

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனை திருவள்ளூர் மாவட்டம். ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் கடலையும் பிரிக்கிறது. முகத்துவாரம் திறந்திருந்தால் கடல்நீர் வந்து போகும். இறால் குஞ்சுகள் உள்ளே வரும். மணல் தூர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் ஏரி தேங்கி, கோடையில் உப்பேறி, மீன்வரத்து குறைந்துவிடும். படகுகள் கடலுக்குப் போகவும் வழியில்லாமல் போகும். முகத்துவாரத்தை நிரந்தரமாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது இங்கே தலைமுறைக் கோரிக்கை. தெற்கே எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், காமராஜர் துறைமுகம், அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம். அதன் விரிவாக்கத் திட்டத்தை எதிர்த்துக் குப்பங்கள் போராடிய கதை எல்லாருக்கும் தெரியும்.

இதையெல்லாம் சுற்றுச்சூழல் பிரச்சினை, வாழ்வாதாரப் பிரச்சினை என்று எழுதுகிறோம். சரிதான். மனநலப் பிரச்சினை என்று மட்டும் எழுதுவதில்லை. இரவெல்லாம் தண்ணீரில் நின்று, டீசல் காசுகூடத் தேறாமல் கரையேறுகிறவருக்கு, வட்டிக்காரர் வருகிற நாளில் தூக்கம் வராதவருக்கு, மகனைக் கடலுக்கு அனுப்பவும் மனமில்லாமல் அவன் படித்த படிப்புக்கு வேலையும் கிடைக்காமல் தவிக்கிறவருக்கு மனச்சோர்வு வந்தால் அதற்குக் குப்பத்தில் பெயர் கிடையாது. ‘மனசு சரியில்ல’ என்பார்கள். மனசு சரியில்லாத ஆணுக்கு ஊர் அனுமதித்திருக்கும் ஒரே வைத்தியம் குவார்ட்டர். குடி அந்தச் சோர்வை மறைத்து, சில மாதங்களில் இரட்டிப்பாக்கித் திருப்பித் தருகிறது. எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்ப்பது மருத்துவருக்கே கடினம். இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் பார்ப்பதுதான் வழி.

2022இல் தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. நாடு முழுவதற்குமான கணக்கில் அந்த ஆண்டு 6.8 விழுக்காட்டுக்குக் குடியும் போதைப் பழக்கமும் காரணமாகக் காட்டப்பட்டன. ‘குடும்பப் பிரச்சினை’ என்ற தலைப்பின் கீழ் வருபவை 31.7 விழுக்காடு. அந்தக் குடும்பங்களுக்குள் எத்தனை பாட்டில்கள் இருந்தன என்பதைப் பட்டியல் சொல்லாது.

பெண்களின் நிலை இதைவிட மோசம். அவர்களுக்கு மனசு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளக்கூட உரிமையில்லை. ஏலத்தில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்து, பொன்னேரிப் பக்கம் விற்றுவிட்டு வந்து, இரவில் கதவைத் தட்டுகிற சத்தத்துக்காக விழித்திருப்பவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்வதெல்லாம் தலைவலி, முதுகுவலி, படபடப்பு. வலி மாத்திரையோடு திரும்பி வருகிறார்கள். ‘வீட்ல யாராச்சும் குடிக்கிறாங்களாம்மா?’ என்று செவிலியர் ஒரு கேள்வி கேட்டால் கதையே வேறாகும்.

நாற்பத்திரண்டாம் நாள்

சபரிமலைக்கு மாலை போட்டு 41 நாள் ஒரு சொட்டும் தொடாதவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். மாலையைக் கழற்றியதும் அவர்கள் நேராகக் கடைக்குப் போவதைச் சொல்லிச் சிரிப்பதும் வழக்கம். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அந்த 41 நாளும் அவரை ‘சாமி’ என்று கூப்பிட்டார்கள். கூட்டாளிகள் ஊற்றிக் கொடுக்கவில்லை. மாலையில் போய் உட்கார ஒரு பஜனை இருந்தது, கூட நடக்க ஒரு குருசாமி இருந்தார், வீட்டில் தனிச் சமையல் நடந்தது. ஊரே அவருக்கு வேலி கட்டியது. 42ஆம் நாள் வேலியை மொத்தமாகப் பிரித்துவிட்டு, ‘இனி உன் மன உறுதி, உன் பாடு’ என்று விட்டுவிடுகிறோம். அவர் தோற்றால் அவருக்கு மன உறுதி இல்லை என்கிறோம். (தினமும் காலையில் கை நடுங்குகிறவர் மாலை போடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

சிகிச்சை முடிந்து வருகிறவரின் நிலையும் இதுதான். பத்துப் பதினைந்து நாள் வார்டில் இருந்து, உடம்பு தேறி, முகம் தெளிந்து ஊர் திரும்புகிறார். கரையில் பங்கு பிரிக்கிறார்கள். படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு. கையில் ரொக்கம். ‘இன்னாப்பா, ஆளே மாறிட்ட, இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும்’ என்று தோளில் கை விழுகிறது. அந்தக் கை எதிரியின் கை அல்ல. நடுக்கடலில் இவரைக் காப்பாற்றக்கூடிய கை. அதனால்தான் மறுப்பது அவ்வளவு கஷ்டம்.

குடிநோய் திரும்பத் திரும்ப வரக்கூடியது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறினால் மருந்தை மாற்றுகிறோம். குடிநோயாளி மறுபடி குடித்தால் மட்டும் ‘இவன் தேறமாட்டான்’ என்று கைகழுவிவிடுகிறோம். மீண்டவர்களில் பலர் ஒருமுறைக்கு மேல் சறுக்கியவர்கள்தான்.

இங்கேதான் பாடு நினைவுக்கு வருகிறது. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. நல்ல இடங்களில் யார் எந்த நாளில் சுத்துவலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடுதான் பாடு. தலைக்கட்டுக் கணக்கில் உரிமை. முறை வந்தவருக்கே இடம். எழுதிவைத்த சட்டம் இல்லாமல் தலைமுறைகளாக நடக்கிறது. எல்லாருக்கும் அதில் பங்கு உண்டா என்றால் இல்லை. இடுப்பளவு நீரில் பறியோடு கையால் இறால் தடவுகிற இருளர் பெண்களுக்கு அதில் இடம் கிடையாது. அந்தக் குறையைத் தனியாகப் பேச வேண்டும். ஆனால், இன்னொருவரின் முறையை மதித்து விலகி நிற்கத் தெரிந்த ஊர் இது என்பது பெரிய விஷயம்.

அந்த ஊர், சிகிச்சைக்குப் போனவரின் பாட்டைத் திரும்பி வரும்வரை அவர் குடும்பத்துக்குக் காப்பாற்றித் தரலாம். ஊர்ப் பஞ்சாயத்து மனது வைத்தால் ஒரு கூட்டத்தில் முடிகிற தீர்மானம். முதல் ஆறு மாதத்துக்கு அவருடைய பங்கை, அவர் சம்மதத்தோடு, வீட்டில் கொடுக்கலாம். குடிக்காதவர்கள் போகிற படகில் அவருக்கு இடம் தரலாம். குடித்துவிட்டுத் தகராறு செய்தவருக்கு அபராதம் போடுகிற ஊர், அபராதத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற ஆளை நியமிக்கலாம். மகிமை மாதா கோயிலோ பள்ளிவாசலோ அம்மன் கோயிலோ, வாரத்தில் ஒரு மாலை குடியை விட்டவர்கள் கூடி உட்கார இடம் கொடுக்கலாம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இன்று உலகம் முழுக்க நடப்பது அப்படிப்பட்ட இரவல் அறைகளில்தான்.

ஊருக்கே வந்த வைத்தியம்

இது வெறும் ஆசை அல்ல என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்றால் பலருக்குத் தெரியும். நகரத்துக்கு வர முடியாதவர்களுக்காக அந்த நிறுவனம் மஞ்சக்குடி என்கிற தஞ்சைப் பகுதிக் கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தியது. ஊர்க்காரர்கள் இடம் தந்தார்கள், குடும்பத்தாரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள், முகாமுக்குப் பிறகும் தொடர்ந்து போய்ப் பார்த்தார்கள். அந்த அனுபவத்தை 1994இல் அவர் ஒரு சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார். முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. ஒரு மஞ்சக்குடி நூறு மஞ்சக்குடி ஆகியிருக்க வேண்டும்.

கோவாவில் ‘சங்கத்’ அமைப்பு செய்தது இன்னும் எளிது. மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடிப்பழக்கம் அளவு மீறிய ஆண்களோடு அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசவைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினர் முந்தைய இரண்டு வாரம் குடிக்காமல் இருந்தார்கள். இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 42 விழுக்காடு. 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியானது. தீவிர நோயாளிகளுக்கு இது போதாது. ஆனால், தீவிரமாவதற்கு முன்பே பிடிக்க இதைவிட மலிவான வழி இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன நிபுணர்கள் உள்ளூர்ப் பெண்களையும் இளைஞர்களையும் மன ஆறுதல் சொல்லப் பயிற்றுவித்தார்கள். திட்டம் முடிந்தது, அவர்களை மறந்துவிட்டோம்.

அரசின் பக்கம் வருவோம். 2003 முதல் மது சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கையில். 2023-24இல் அதன் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். இன்னும் மூடட்டும், நேரத்தையும் குறைக்கட்டும். ஆனால், விற்பதற்கு ஊருக்கு ஊர் வர முடிந்த அரசு, வைத்தியத்துக்கு மட்டும் மாவட்டத் தலைநகரோடு நின்றுவிடுவது நியாயமில்லை. எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்தது என்றது. உள்நோயாளியாகச் சேர முடிந்தவர் 180 பேரில் ஒருவர். 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தமிழக அரசு தொடங்கியிருப்பது நல்ல காரியம். ஆனால், பழவேற்காட்டுக்காரர் பொன்னேரிக்கோ, சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனைக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ போய்வர ஒரு நாள் வேலை போகும். கூட வருகிற மனைவிக்கும் ஒரு நாள் வியாபாரம் போகும். புறநோயாளிப் பிரிவு நடக்கிற காலை நேரம், இரவு வலை கட்டியவர் தூங்குகிற நேரம். பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒருநாள், பிற்பகலில், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வந்து உட்கார்ந்தால் என்ன?

அந்த இடைவெளியில்தான் தனியார் ‘சென்டர்’கள் முளைக்கின்றன. ஒழுங்காக நடப்பவையும் உண்டு. அடித்துத் திருத்துபவையும் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது ஓட முடியாமல் கருகியவர்கள் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியைத் தடைசெய்கிறது. குடி, போதையால் வரும் மனநலக் கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. ஆகவே மறுவாழ்வு மையங்களும் மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற வேண்டும். கணவரையோ மகனையோ எங்கேயாவது சேர்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது பதிவுச் சான்றிதழ். அடுத்து, மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார், நாங்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்பவை. பதில் சொல்லத் தயங்குகிற இடத்திலிருந்து திரும்பி வந்துவிடுங்கள்.

எங்கே போவது என்றே தெரியாதவர்கள் 14416க்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி எண் அது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள். போதைப் பழக்கத்துக்கென்றே தேசிய அளவில் 14446 இருக்கிறது. குடிப்பவரே பேச வேண்டும் என்றில்லை. மனைவியோ, மகளோ, ஒரே படகில் போகிற கூட்டாளியோ பேசலாம்.